நீட்டிய டம்ளர்

மயிலம் கல்லூரி ஆய்வகத்தில் ஜெசி செய்த ரோபோ, வாட்ச்மேன் அப்பாதுரையிடம் காபி டம்ளரை நீட்டுகிறது. “வேணாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்” என்கிறார் அவர். கண் மட்டும் டம்ளரைவிட்டு நகரவில்லை. முதல் ‘வேணாம்’ மரியாதைக்குச் சொல்வது என்று ரோபோ புரிந்துகொண்டால்தான் ஜெசி செய்முறைத் தேர்வில் தேறுவாள். மின்விசிறி கரகரக்கிறது. தேர்வாளர் மேசையைப் பேனாவால் தட்டுகிறார். இரும்புக் கை கொஞ்சம் பின்வாங்குகிறது, நிற்கிறது, மறுபடி முன்னால் வருகிறது; காபி தளும்புகிறது. “இன்னாம்மா, ரிவர்ஸ் எடுக்குதா?” அப்பாதுரை சிரிக்கிறார். சட்டென்று அதன் தலை திரும்புகிறது. அடுத்த வீட்டில் பலகாரம் நீட்டினால் குழந்தை அம்மாவைப் பார்க்குமே, அப்படி ஜெசியைப் பார்க்கிறது. அவள் ஜாடை காட்டினால் தேர்வு செல்லாது. முகம் பார்க்க அதற்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள்.