லாண்டரியை மூடுவது எப்படி

பதினொன்று இருபதுக்குப் பேராசிரியர் வெளியே போய்க் கதவைத் தட்டினார். இந்த மாதத்தில் மூன்றாவது முறை.

"உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்றான் மேஜைக்குப் பின்னால் இருந்த மாணவன்.

ஓட்டல் நிர்வாகப் படிப்பின் கடைசித் தேர்வு. பாடம், வியூக மேலாண்மை. வினாத்தாளில் இருக்கும் ஓட்டல் தன் லாண்டரியை மூடுகிறது. முடிவு எடுத்தாயிற்று, லாண்டரித் தலைவரிடம் மேலாளர் அதைச் சொல்ல வேண்டும். மேலாளர், மாணவன். பத்தொன்பது வருடம் விரிப்புகளோடு கிடந்த தலைவர், பேராசிரியர். திட்டம் போட யாராலும் முடியும், முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் பாடம் என்பது அவர் கட்சி.

உட்காரும் முன் வேடத்தைக் கலைத்து எச்சரித்தார்.

"முதல் தடவ நீ சுத்தி வளைச்சதுல, எனக்குப் பதவி உயர்வு தர்றேன்னு நெனச்சுட்டேன். ரெண்டாவது தடவ நீயே அழுதுட்ட, நான் உனக்குத் தண்ணி குடுத்தேன். இதுவும் போச்சுன்னா அடுத்த வருஷம்தான், தம்பி."

கல்லூரித் தாளாளர் மகன் என்று இவனுக்குச் சலுகை காட்டுகிற ஆள் அவரில்லை. அதனால் ஆசிரியர் அறையில் அவருக்குத் தனி மரியாதை. பையனை இரண்டு தடவை தேறவிடாத கதையை அவரே அங்கே போய்ச் சொல்லியிருந்தார்.

மாணவன் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அண்ணே, லாண்டரிய இந்த மாசத்தோட மூடறோம். உங்க வேலையும் அதோட முடியுது."

"என் மேல என்ன குறை?"

"ஒண்ணும் இல்ல. துணிய வெளிய குடுத்தா செலவு பாதி. அதான் காரணம்."

பேராசிரியர் குரலைத் தழுதழுக்க வைத்தார். "அம்பத்தஞ்சு வயசுல என்னை யாருப்பா சேத்துப்பாங்க?"

மாணவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. "தெரியலண்ணே. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். மூணு மாசச் சம்பளம் வரும். போற எடத்துல காட்ட, நல்லதா ஒரு கடிதம் நானே எழுதித் தரேன்."

பேராசிரியருக்குப் புல்லரித்தது. ஒரு கணம் லாண்டரித் தலைவராகவே தலையாட்டிவிட்டு, எழுந்து கைகொடுத்தார்.

"தேறிட்ட. நூத்துக்குத் தொண்ணூறு. ஒரே வாரத்துல எப்படிடா?"

"வீட்ல பழகினேன் சார். அப்பாதான் எதிர்ல உக்காந்தாரு."

"அவரா? அவ்வளவு பெரிய மனுஷன் உனக்காக லாண்டரித் தலைவரா நடிச்சாரா?"

"லாண்டரித் தலைவரா இல்ல சார்."

இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்து நீட்டினான். கல்லூரி முத்திரையின் கீழே பேராசிரியரின் பெயர் இருந்தது. வியூக மேலாண்மைப் பாடத்தை அடுத்த மாதம் முதல் வெளி நிறுவனம் ஒன்று வீடியோவில் நடத்தும் என்றது கடிதம்.

"சார், கிளம்பறதுக்கு முன்னால அந்த மார்க்குக்குக் கீழ ஒரு கையெழுத்து போட்டுடறீங்களா?"