மேல்கல்

இனி அரண்மனை ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், நாலு படிக்கு ஒரு படி கூலி என்று உத்தரவு வந்தது. சேவகர்கள் வீடு வீடாகப் புகுந்து திருகைகளை உடைத்தார்கள். பூதாயி கீழ்க்கல்லை அடுப்பங்கரையில் புதைத்துவிட்டு, மேல்கல்லை வேப்பமரத்தடியில் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பூசினாள். உடைக்க வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார்.

மூன்றே மாதத்தில் கல்லைச் சுற்றிக் கோயில் எழும்பிவிட்டது. மாவிளக்குக்கு வீட்டுக்கு அரைப்படி மாவு, அதுவும் ஆலையில் அரைத்ததாக இருக்க வேண்டும் என்று அடுத்த உத்தரவு. மாவோடு பூதாயியும் வரிசையில் நின்றாள். கல்லின் நடுத்துளையில் வெள்ளிக் கண் பதித்திருந்தார்கள்.

"ஆத்தாகிட்ட என்ன வேண்டிக்கிறே?" என்றார் பூசாரி.

"இறங்கி என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க. கம்பு அரைக்காமக் கிடக்கு."

பின்னால் நின்ற ஊர் மெய்சிலிர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.