நாற்பதாவது குரல்

வளைகாப்புப் படம் சொன்ன கதையை கணினி நிரலான ஸ்கிரிப்ட் பல வருஷமாக நம்பவில்லை.

கணினியில் ஒரு குடும்பத்தின் நாற்பது படங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. "முதலில் புதுப் பெயர்களைப் பட்டியல் போட்டுக் காட்டுகிறேன்" என்றது ஸ்கிரிப்ட்.

"நீர் பட்டியல் போட்டுக் கிழித்தீர்! எனக்கு ஒரே வரி போதும், ஓய்" என்று அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது பக்கத்திலிருந்த ஒற்றை வரிக் கட்டளை. எல்லாப் படத்துக்கும் 'வீடு' என்றே பெயர் வைத்தது. பின்னால் வந்த படம் ஒவ்வொன்றும் முன்னால் போனதை அழித்தது. அகர வரிசையில் கடைசியில் நின்ற வளைகாப்பு மட்டும் மிஞ்சியது.

"நானும்தான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், அண்ணே" என்று அது கண்ணைக் கசக்கும்.

ஒருநாள் ஸ்கிரிப்டுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன், முப்பத்தொன்பது குரல்தான் கேட்டது. கடைசியில் நின்றால் பிழைக்கலாம் என்று தெரிந்துதானே வாயை மூடிக்கொண்டு நின்றாய்?"