சோப்பு பட்ட மஞ்சள்

திகனைக்கு அப்பால், முதலாளியின் சின்ன விமானம் நிற்கும் தகரக் கொட்டகைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. சற்று முன்பு விமானத்தின் கதவைச் சாத்தி உள்ளே காற்றை ஏற்றிப் பார்த்தபோது, கீழ்மூலையில் தடவிய சோப்புத் தண்ணீர் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. இப்போது காற்றை இறக்கி, கதவைத் திறந்து, அதன் விளிம்பைச் சுற்றியுள்ள சாம்பல் நிற ரப்பரை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வருகிறான் யோகராஜ். நேற்று விமானம் உயரம் பிடித்ததும் முதலாளியின் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினார்களாம். ரப்பர் புதியது, பயமில்லை என்று அவர்களை ஏற்றிவிட்டவன் அவன்தான். தங்கை புருஷன் தியாகு மாற்றியது. சொந்தக்காரன் செய்த வேலையை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? துணி கீழ்மூலைக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. சோப்பு பட்ட இடத்தில் மூன்று சிவப்புக் கோடுகள் மெல்ல எழுகின்றன. மஞ்சள் கறை சோப்பைக் கண்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற வீட்டில் யாருக்குத் தெரியாது? போன ஆயுத பூசைக்கு இந்தக் கதவில் மஞ்சள் பூசியவன் அவனேதான். விரல் வழுக்கி ரப்பரிலும் பட்டிருந்தது.

"மாப்ள, இந்த ரப்பர எப்ப மாத்துனீங்க?"

உள்ளே அழுத்தமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தியாகு திரும்பவேயில்லை.

"பொங்கல் முடிஞ்ச கையோட மாத்திட்டேனே மச்சான். ஒங்க தங்கச்சி மேல சத்தியமா புதுசு."

நுரை வடிகிறது. யோகராஜ் தன் மூன்று விரல்களை அந்தக் கோடுகளின் மேல் வைக்கிறான். அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன.