மிரெல்லாவின் குட்டிகள்

"ஒம்பது குட்டியில ஆறுக்கு மனுஷ மரபணு ஏறிடுச்சு! சபாஷ் மிரெல்லா!" என்று இத்தாலியின் பொலோனா நகரப் பன்றிப் பண்ணையே அதிரக் கூவினார் ஆய்வகத் தலைவர்.

சக ஆய்வாளர் ஒர்னெல்லாவுக்கு வயிறு எரிந்தது. அவளும் மிரெல்லாவும் ஆளுக்கொரு குப்பியில் பன்றி விந்தோடு மரபணுவைக் கலந்திருந்தார்கள். ஒர்னெல்லா பெயரிலிருந்த பன்றி ஈன்றதில் ஒன்றுக்குக்கூட ஏறவில்லை.

"உனக்கு மட்டும் எப்படிடி எல்லாம் கைகூடுது?"

"நீ கத்துக்கொடுத்த மாதிரிதாண்டி மரபணுவைக் கலக்கறதுக்கு முன்னாடி விந்தைக் கழுவினேன்" என்று அவளைக் கட்டிக்கொண்டாள் மிரெல்லா. "உனக்குக் கிடைக்கலையேன்னுதான் வருத்தம்."

எப்போதும் ஜெயிப்பவள் மிரெல்லாதானே, அவள் குப்பி தன் பெயருக்கு வரட்டும் என்று, சினை ஊசி போட்ட அன்று காலையில் இரண்டு குப்பிகளின் பெயர்ச்சீட்டையும் மாற்றி ஒட்டியவள் ஒர்னெல்லாதான். அந்த ஆறு குட்டிகளும் உண்மையில் ஒர்னெல்லா கலந்த விந்தில் பிறந்தவை.

"ரொம்ப சந்தோஷம்டி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.