பூண்டுக் காட்டு உள்ளான்

“ஏம்மா துர்கா, முந்தானையை ஏத்திச் செருகு! சேத்துல இழுபடுது பாரு!”

காட்டுக்காரி கருப்பம்மாள் வரப்பிலிருந்து அதட்டியதும், மனோஜ்குமார் முந்தானையை ஏற்றிச் செருகிக்கொண்டார்.

ஆமாம், மனோஜ்குமாரேதான். பழனியில் கல்யாண போட்டோ எடுப்பவர். நாற்பத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ. பழைய சேலை, அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, முகத்தைப் பாதி மறைத்து ஒரு துண்டு என்று கொடைக்கானல் மலையில், கவுஞ்சியில் ஒரு பூண்டுக் காட்டில் குத்தவைத்துக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாய் வளர்த்த மீசை முந்தாநாள் காலையில் போயே போய்விட்டது.

எல்லாம் ஒரு உள்ளானுக்காக. நீண்ட அலகு, சருகு நிறம், சேற்றில் குத்திக் குத்திப் புழு தேடும். குளிருக்கு மட்டும் இமயமலையிலிருந்து வரும். மகா கூச்சம் அதற்கு. மனுஷ வாடை பட்டாலே ஆளைக் காணோம்.

பூண்டுக் காட்டை ஒட்டின ஓடைப் பள்ளத்தில் அது மேய்வதாக, ஜீப் டிரைவர் ஞானவேல் மங்கலாய் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். “உங்களுக்கு மட்டுந்தான் சொல்றேன் சார்.”

மனோஜ்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே? பறவைப் படம் எடுப்பவர்களின் குழு வருஷா வருஷம் காலண்டர் போடுகிறது. ஐந்து வருஷமாய் அட்டையில் ராஜமுருகன் எடுத்த படம்தான். “நீ பொண்ணு மாப்பிள்ளையவே எடுப்பா, அதுக பறந்து போகாது” என்று நாலு பேர் முன்னால் அந்த ஆள் சொன்னதை நினைத்தால் இவருக்கு இன்னும் வயிறு எரிகிறது. உள்ளான் மட்டும் கிடைத்தால் அட்டை இவருக்குத்தான். படம் அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

“கூடாரமெல்லாம் போட்டா வராதுங்க” என்று முதல் நாளே கருப்பம்மாள் சொல்லியிருந்தார். “களை எடுக்கிற பொம்பளைகளைக் கண்டா மட்டும் பயப்படாது, காலடியிலயே மேயும். ஆனா சும்மா குனிஞ்சு கெடந்தீங்கன்னா கண்டுபிடிச்சிரும். வேரோட புடுங்கணும். மத்த பொம்பளைககிட்ட வாயத் தொறந்துராதீங்க. ஆம்பளைன்னு தெரிஞ்சா, சிரிச்சே குருவியை வெரட்டிப்புடுவாளுக.”

அதனால் கேமரா கூடைக்குள், களைக்கு அடியில் இருந்தது. இடுப்பு மூன்று நாளாய் இற்றுக்கொண்டிருந்தது.

காட்டில் மூலைக்கு ஒருத்தியாய் இன்னும் நாலு பெண்கள். தங்கமான மனுஷிகள்! வெள்ளனே வந்தால் பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை கிடையாது, ஒரு வெற்றிலைகூடக் கேட்டதில்லை. இவர்கள் வாயடித்தால் உள்ளான் எங்கே வரும்? மனோஜ்குமார் மனசுக்குள் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

களை குறையக் குறைய, மூலையில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடைப் பக்கம் நெருங்கி வந்தார்கள்.

மூன்றாம் நாள் மதியம். மஞ்சு மூட்டம் லேசாய் விலகியது. ஓடைக் கோரைக்குள் ஏதோ அசைந்தது.

வந்துட்டான்யா, வந்துட்டான்! மனோஜ்குமார் கூடைக்குள் கையை விட்டு, உட்கார்ந்தபடியே இரண்டடி முன்னால் நகர்ந்தார். சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க. லென்ஸ மறைக்கிறீங்க.”

கட்டைக் குரல். மனோஜ்குமார் மெல்லத் திரும்பினார். பக்கத்துப் பாத்திக்காரியின் கூடையிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு லென்ஸ் எட்டிப் பார்த்தது. துண்டுக்குள்ளே, மீசை இல்லாத ராஜமுருகன்!

“நீங்களா?”

“அடப்பாவி, நீயுமா?”

கோரைக்குள்ளிருந்து ஒரு தவளை துள்ளிக் குதித்துப் போனது.

“ஸ்ஸ்ஸ்! சத்தம் போடாதீங்கப்பா, உள்ளான் போயிரும்” என்று எதிர்ப் பாத்தி அம்மா கெஞ்சினார். அது வத்தலக்குண்டு வெங்கடேஷ். அவருக்குப் பின்னால் திண்டுக்கல் முருகானந்தம், தாடியைத் துண்டால் இழுத்துக் கட்டியிருந்தார். கடைசிப் பாத்தி ஜெயப்பிரியா ஒருத்திதான் நிஜமான பெண். அவள் கூடையிலும் கேமராதான்.

“எனக்கு மட்டுந்தான் சொல்றேன்னு ஞானவேல் சொன்னானே!” என்றாள் ஜெயப்பிரியா. நாலு பேரும் “எனக்குந்தான்” என்றார்கள்.

அவ்வளவுதான். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. ராஜமுருகன் சேலையோடு சேற்றில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மனோஜு, உனக்குச் சேலை அம்சமா இருக்குய்யா!”

“உங்களுக்கு மட்டும் என்ன, மகாலட்சுமி மாதிரி இருக்கீங்க!”

ஐந்து வருஷ எரிச்சல் மனோஜ்குமாருக்கு அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது. யார் எடுத்தாலும் அட்டையில் ஐந்து பேர் பெயரும் போடுவது என்று கையடித்து முடிவானது. இருட்ட இன்னும் மூணு மணி நேரம் இருக்கிறது. வரட்டும், குனிவோம்!

குனிந்தார்கள். அப்போதுதான் கவனித்தார்கள். பிடுங்குவதற்கு அந்தக் காட்டில் ஒரு களைகூட இல்லை.

உள்ளான் வழக்கமாய் எந்தப் பக்கம் இறங்கும் என்று கருப்பம்மாளிடம் கேட்கலாமென்று ஐந்து பேரும் வரப்பேறிப் போனார்கள். அவர் முதுகைக் காட்டி நின்று, சிக்னல் சரியாய்க் கிடைக்காத போனில் மலையே அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

“ஏலே ஞானவேலு, உருளைக்கெழங்குக் காட்டுலயும் ஒரு உள்ளான் வந்திருக்குன்னு அனுப்பி விடு!”