இருபது நிமிட நிலா

அல் அமீனுக்கு மாலத்தீவுப் பக்கம் ஒரு தீவில் ஓட்டல் வேலை. அவன் மனைவி ரூபினா மதுரையில் காஜிமார் தெரு வீட்டில் இருக்கிறாள். மதுரையில் நிலா உதித்து இருபது நிமிடம் கழித்துத்தான் அந்தத் தீவில் உதிக்கும். நோன்பு மாதத்தின் பௌர்ணமியன்று ரூபினா மாடியிலிருந்து போன் செய்தாள்.

“மச்சான், நிலா இங்க வந்துருச்சு. அனுப்பி விடுறேன், வாங்கிக்கங்க.”

இருபது நிமிடத்தில் அவன் கூப்பிட்டான். “வந்து சேந்துருச்சு புள்ள.”

அப்புறம் நிலா தேய்ந்து, விடிகாலைக்குத் தள்ளிப்போய், காணாமலே போனது. தீவில் ஒருநாள் முன்னதாகப் பிறை தெரிந்துவிட்டது, மதுரையில் மேகம். அதனால் அவனுக்குப் பெருநாள், இவளுக்கு முப்பதாம் நோன்பு.

“இங்க பிரியாணி கெடக்கு அம்புட்டு. ஒன் கஞ்சிதான் இல்ல,” என்றான்.

அன்று நோன்பு திறந்து, தொழுதுவிட்டு மாடிக்கு வந்தாள். மேற்கே பிறை தெளிவாக இருந்தது. அடியில் தன் பெயர் வெட்டிய கிண்ணத்தில் சூடாகக் கஞ்சி ஊற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். “இதையும் கொண்டுபோய்க் குடுத்துரு,” என்று பிறையிடம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

இருபது நிமிடத்தில் போன் வந்தது.

“கஞ்சி நல்லாருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் கம்மி.”

உப்பு குறைவுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“கிண்ணத்தக் கழுவி வச்சிருக்கேன். வரும்போது எடுத்துட்டு வாரேன்.”

ரூபினா மாடியேறினாள். பிறை தாழ இறங்கியிருந்தது. கைப்பிடிச் சுவரில் கிண்ணம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு ஈரவட்டம் இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.